தமிழில் நினைக்காதே

ஜூலை 8, செவ்வாய்

முதல்வர் அறையிலிருந்து வந்த சுற்றறிக்கையைத் திருத்துவதிலேயே காலைப்பொழுது போயிற்று. ‘ஆல் த ஸ்டாஃப்ஸ் ஆர் ரிக்வெஸ்டட் டு அசெம்பிள் டுடே இட்செல்ஃப்.’ ஸ்டாஃப் என்றாலே எல்லாரும்தான், அதற்கு மேல் ஒரு ‘ஸ்’ எதற்கு? ‘இன்றைக்கே’ என்பதில் இருக்கிற ஏகாரத்தைத் தூக்கி ‘இட்செல்ஃப்’ என்று வைத்துவிட்டால் இங்கிலீஷ் ஆகிவிடுமா? இத்தனைக்கும் முனைவர் பட்டம் வாங்கியவர்.

மதியம் தாளாளர் கூப்பிட்டார். ஆய்வுக்குழு வரப்போகிறதாம். துறைகளிலிருந்து போகிற கடிதங்களைப் படித்தால் அவருக்கே கூச்சமாக இருக்கிறதாம். ஆங்கிலத்தில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய பிழைகள் என்று ஒரு கையேடு, செப்டம்பர் முடிவதற்குள் தயாராக வேண்டும் என்றார். இந்தப் பொறியியல் கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளராகச் சேர்ந்த நாளிலிருந்து எல்லாருடைய இங்கிலீஷையும் நான்தான் வெளுத்துக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் அதற்கு உத்தரவு வருகிறது.

உறையூர் வீட்டுக்கு வந்தால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

மகள் மித்ராவிடமிருந்து செய்தி. எனக்கு அவள் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம். கொடைக்கானல் சுற்றுலா போன இடத்திலிருந்துகூட ஆங்கிலத்தில் கடிதம் போட்டாள், நான் சிவப்பு மையில் திருத்தி எடுத்துவைத்து, வந்ததும் கொடுத்தேன். இப்போது பெர்த்தில் புருஷன், குழந்தையோடு இருக்கிறாள். சட்டம் மட்டும் மாறவில்லை. இன்று வந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

‘வீ ஆர் மூவிங் டு எ பிக்கர் ஹவுஸ் இன் அக்டோபர். ஃபோர் பெட்ரூம்ஸ். வீ கேன் ஆல் பிரீத் அட் லாஸ்ட்.’

ஒரு பிழை கிடையாது. அக்டோபரில் நாம் பெரிய வீட்டுக்குப் போகிறோம். நாலு படுக்கையறை. இனிமேல் நாம் எல்லாருமே மூச்சுவிடலாம். எவ்வளவு சுருக்கம், எவ்வளவு தெளிவு. எங்கள் முதல்வர் இதைப் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

போன வருடம் நான் அங்கே போய் இருந்தபோது ஹால் சோபாவில்தான் படுத்திருந்தேன். அப்போது மாப்பிள்ளை அருள் சொன்னார், “பெரிய வீடா பாத்துட்டா நீங்க இங்கயே இருந்துடலாம் அத்தை.” சொன்னபடி பார்த்துவிட்டார். அவர்களுக்கு ஒன்று, பேத்தி இனியாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, வருகிறவர் போகிறவருக்கு ஒன்று. சரியாக நாலு.

‘எக்ஸலண்ட். நாட் எ சிங்கிள் எரர்’ என்று பதில் அனுப்பினேன். ஒரு சிவப்பு இதயம் வந்தது.

ஜூலை 14, திங்கள்

சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்து மேசை பரக்கத் நிஷாவிடம் செய்தியைக் காட்டினேன். தட்டச்சு வேலை பார்க்கிறவள், கையேட்டையும் அவள்தான் அடிக்கப்போகிறாள். இரண்டு தடவை படித்துவிட்டு, “உங்களையும் சேத்துத்தானா மேடம்?” என்று கேட்டாள்.

‘கேன் ஏபிள் டு’ என்று எழுதுகிறவள் என் மகளுடைய இங்கிலீஷில் சந்தேகம் கேட்கிறாள். ‘வீ’க்கு என்ன அர்த்தம் என்று ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. சாயங்காலம் அவளே டீ வாங்கி வந்து என் மேசையில் வைத்தாள். நானும் குடித்தேன்.

ஜூலை 24, வியாழன்

முன்னாள் மாணவர் கூட்ட அழைப்பிதழ் வந்தது. ‘ஆல் பாஸ்டு அவுட் ஸ்டூடண்ட்ஸ் ஆர் வெல்கம்.’ மயங்கி விழுந்த மாணவர்கள் அனைவரும் வருக. இயந்திரவியல் துறைத் தலைவரின் விடுப்புக் கடிதத்தில் மாமியார் ‘எக்ஸ்பயர்ட்’. அந்த அம்மாள் என்ன மாத்திரையா, தேதி முடிந்துபோக? துக்கத்தில் இருக்கிற மனிதருக்குக் கடிதத்தைத் திருப்பி அனுப்ப மனது வரவில்லை. பெயர் போடாமல் கையேட்டில் சேர்த்துக்கொண்டேன்.

ஜூலை 28, திங்கள்

வீட்டுக்காரர் ராஜமாணிக்கத்திடம் செப்டம்பர் கடைசியில் காலி செய்கிறேன், மகளோடு போய் இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? இந்த வீட்டில்தான் என் கணவர் கண்ணை மூடினார். ராஜமாணிக்கம் சந்தோஷம் என்றார், ஆள் வரிசையில் நிற்கிறது என்றார், சுவரில் ஆணி அடித்த இடங்களைப் பூசிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

மித்ராவிடம் இதைச் சொல்லவில்லை. நாமாகப் பறக்கிற மாதிரி மாப்பிள்ளைக்குத் தோன்றக் கூடாது. விசா, டிக்கெட் எல்லாம் போன தடவை மாதிரி அவளே பார்த்துக்கொள்வாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மித்ரா வீடியோவில் வந்தாள். இனியா பல் விழுந்த இடத்தைக் காட்டியது. புது வீட்டைப் பற்றிப் பேச்செடுப்பதற்குள் கடைக்குப் போகணும் என்று வைத்துவிட்டாள். குரல் களைப்பாக இருந்தது. வீடு மாற்றுவது என்றால் சும்மாவா.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கையேட்டின் முதல் விதியை இன்று எழுதினேன். ‘தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதாதே.’ எல்லாப் பிழைகளும் இங்கேதான் பிறக்கின்றன. ‘தான்’ என்று நினைப்பதால் ‘ஒன்லி’ வருகிறது. ‘பற்றி’ என்று நினைப்பதால் ‘டிஸ்கஸ் அபவுட்’ வருகிறது. ஒவ்வொரு மொழிக்கும் அதனதன் மூளை இருக்கிறது, ஒன்றின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைப் பார்க்கக் கூடாது என்று ஒரு பத்தி எழுதினேன். எனக்கே பிடித்திருந்தது. பரக்கத் அதை அடித்துக்கொண்டே, “நமக்கு இருக்கறது ஒரு மூளைதானே மேடம்” என்றாள். அடுத்த பக்கத்தை அவள் முன்னால் வைத்தேன். பேச்சுக் கொடுத்தால் விடமாட்டாள்.

ஆகஸ்ட் 23, சனி

கிரைண்டரைப் பாத்திரம் தேய்க்க வருகிற செல்லம்மாவிடம் கொடுத்தேன். இரட்டைக் கட்டில் எதிர்வீட்டுக்குப் போயிற்று. அவருடைய சட்டைகளை இத்தனை நாள் வைத்திருந்தேன், இன்று அவற்றையும் கொடுத்துவிட்டேன். வீடு எதிரொலிக்கிறது.

ராஜினாமாக் கடிதம் இன்னும் கொடுக்கவில்லை. எழுதுகிறேன், திருத்துகிறேன், மறுபடி எழுதுகிறேன். பிழை பிடிக்கிறவளின் கடைசிக் கடிதத்தில் பிழை இருந்தால் இந்தக் கல்லூரியே சிரிக்கும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நாமக்கல்லிலிருந்து சம்பந்தி சிவப்பிரகாசம் போன் செய்தார். அருளின் அப்பா, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் சம்பந்தியம்மாளும் பெர்த் போக விசாவுக்கு விண்ணப்பிக்கிறார்களாம். அதோடு வைக்கிற கடிதத்தை நான் ஒரு பார்வை பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். அனுப்பினார். பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

‘வீ வில் பி லிவிங் வித் அவர் சன் ஒன்லி.’ மகனோடுதான் இருப்போம் என்று எழுத நினைத்திருக்கிறார். மகனைத் தவிர அந்த வீட்டில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்கிற மாதிரி இருக்கிறது. ‘ஒன்லி’யை அடித்தேன். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ‘லிவிங்’ என்று எழுதுவார்களா? அதையும் அடித்து ‘ஸ்டேயிங்’ என்று போட்டேன். மனிதர் மறுபடி போன் செய்து நன்றி சொன்னார். “நீங்க இருக்கறது எங்களுக்குப் பெரிய பலம் சம்பந்தி” என்றார். இவர்களுக்கே விசாவுக்குக் கொடுத்தாயிற்று, எனக்கு இன்னும் மித்ரா பாஸ்போர்ட் நகல்கூடக் கேட்கவில்லை. கடைசி நேரத்தில் ஓடுவதே அவள் சுபாவம்.

வந்தவர்களுக்கு என்றுதான் நாலாவது அறை இருக்கிறதே.

செப்டம்பர் 7, ஞாயிறு

மித்ராவிடம் சாடையாகக் கேட்டேன், கடைசி அறையில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று. அது ரொம்பச் சின்ன அறை, அருள் வீட்டிலிருந்து வேலை பார்க்க மேசை போடத்தான் சரியாக இருக்கும் என்றாள். நான் போகிறவரை போட்டுக்கொள்ளட்டும்.

கழுத்துவலி. கையேட்டில் இன்னும் காற்புள்ளி விதிகள் பாக்கி.

செப்டம்பர் 14, ஞாயிறு

புதிதாகக் குடிவருகிறவர்கள் இன்று பால் காய்ச்சினார்கள். புதன்கிழமை புரட்டாசி பிறந்துவிடுகிறது, அதற்குப் பிறகு யாரும் புதுவீடு புகமாட்டார்கள் என்பதால் ஆவணியிலேயே சடங்கை முடித்துக்கொண்டு, சாமான்களை ஒன்றாம் தேதி கொண்டுவருகிறார்களாம். என் அடுப்பில், என் சமையலறையில், அவர்கள் பாத்திரம். நான் ஓரமாக நின்றேன். 

அந்த நேரம் பார்த்து மித்ரா கூப்பிட்டாள். எனக்குப் பின்னால் கூட்டத்தைப் பார்த்துவிட்டு யார் அவர்கள் என்றாள். குடிவருகிறவர்கள் என்றேன். எங்கே என்றாள். இங்கேதான், நான் காலி செய்கிறேன் அல்லவா என்றேன்.

“காலி பண்ணிட்டு எங்கம்மா போற?”

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். “நீதானே எழுதின, வீ ஆர் மூவிங்னு” என்றேன்.

அவள் முகம் அப்படியே நின்றது. நெட்வொர்க் போய்விட்டதோ என்று போனைத் தட்டினேன். பின்னால் இனியா ஓடுவது தெரிந்தது, ஆகவே போகவில்லை.

“அம்மா,” என்றாள். “நாங்கம்மா. அது நாங்க.”

பால் பொங்கிற்று, சமையலறையில் எல்லாரும் கை தட்டினார்கள். இங்கே சத்தமாக இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள், குடித்தேன். சர்க்கரை அதிகம்.

செப்டம்பர் 15, திங்கள்

கல்லூரிக்குப் போனேன். காற்புள்ளி முடிந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு எப்படித்தான் உலகத்தைக் கட்டி ஆண்டார்களோ. ‘நாம்’ என்றாலும் ‘வீ’, ‘நாங்கள்’ என்றாலும் ‘வீ’. எதிரே இருக்கிறவள் உள்ளே இருக்கிறாளா வெளியே நிற்கிறாளா என்று சொல்ல அந்த மொழிக்கு வக்கில்லை. நம் ஊரில் மூன்று வயதுக் குழந்தை ‘நாங்க கடைக்குப் போறோம்’ என்றால், நானும் வருகிறேன் என்று யாரும் செருப்பைத் தேட மாட்டார்கள்.

மித்ரா நேற்று இரண்டு தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. இன்று எடுத்தேன். முழுவதும் தமிழில் பேசினாள், அழுதாள். நாலு அறைக் கணக்கு இதுதான். அவர்களுக்கு ஒன்று, இனியாவுக்கு ஒன்று, அருளின் மேசைக்கு ஒன்று, சம்பந்திக்கும் சம்பந்தியம்மாளுக்கும் ஒன்று. அவர்கள் திரும்பி வருவதாக இல்லை. மகனோடு ‘லிவிங்’தான். சிவப்பிரகாசம் சரியாகத்தான் எழுதியிருந்தார். நான்தான் அதைப் பிழை என்று அடித்தேன்.

அவள் எழுதியதிலும் பிழை இல்லை. அவள் ஆங்கிலத்தில் எழுதினாள், நான் எனக்கு வேண்டிய தமிழில் படித்தேன்.

மகள் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது. ஒரு நாளாவது, ஒரு வரியாவது, ‘நீ என்னம்மா பண்ணப்போற’ என்று கேட்டிருக்கலாம். எந்த மொழியில் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 18, வியாழன்

மித்ராவின் செய்தி. ‘வீ ஹேவ் டாக்ட். வீ வாண்ட் யூ ஹியர். வீ வில் மேனேஜ் சம்ஹௌ.’

மூன்று ‘வீ’. மூன்றிலும் நான் இல்லை என்பது இப்போது பளிச்சென்று தெரிகிறது. நடுவில் ‘யூ’ என்று தனியாக நிற்கிறேன். எப்படியாவது சமாளித்துக்கொள்வார்களாம். சமாளிக்கப்படுகிற சாமானாக ஹால் சோபாவில் போய் உட்கார எனக்கு இஷ்டமில்லை.

போன் செய்தேன். “நாம எல்லாரும் சேந்தே இருக்கலாம்மா” என்றாள். திருத்திய பிறகு வருகிற சொல். நல்ல பெண், மனதாரத்தான் சொல்கிறாள், ஆனால் தானாக முதலில் வந்தது ‘நாங்க’தான். பள்ளி விடுமுறைக்குப் பார்க்க வருகிறேன், நீங்கள் சௌகரியமாகக் குடிபோங்கள் என்றேன். இனிமேல் எனக்குத் தமிழில் எழுது என்றும் சொன்னேன். எழுத வராதும்மா, தப்பு தப்பாக வரும் என்றாள். வரட்டும் என்றேன்.

செப்டம்பர் 20, சனி

ராஜமாணிக்கத்திடம் போய், நான் இந்த வீட்டிலேயே இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். “அட்வான்ஸ் வாங்கியாச்சும்மா, பாலும் காய்ச்சிட்டாங்க” என்றார். தப்பு அவர் மேல் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது, திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

வீடு தேடி அலைந்தேன். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, யார் யார் இருப்பீர்கள். நான்தான் என்றால் இரண்டாவது ஆளுக்காக என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள். தில்லைநகரில் ஓர் அம்மாள், வயதானவர்களைத் தனியாக வைத்தால் ஏதாவது ஆகிவிட்டால் நாங்கள்தானே பார்க்க வேண்டும் என்றாள். எனக்கு ஐம்பத்தொன்பது. மற்றவர்கள் எல்லாரும் புரட்டாசி கழியட்டும், ஐப்பசியில் வாருங்கள் என்கிறார்கள். முப்பதாம் தேதி சாவியைக் கொடுத்துவிட்டு ஐப்பசி வரை ஜங்ஷன் பிளாட்பாரத்தில் உட்காருவதா?

தாளாளர் கையேட்டுக்கு முன்னுரை அனுப்பியிருக்கிறார். ‘வீ ஆர் ப்ரௌட் டு பிரசென்ட்’ என்று தொடங்குகிறது. வீ என்றால் யார் என்று அவரிடமே போய்க் கேட்டேன். நிர்வாகம்தான், வேறு யார், ஏன் கேட்கிறீர்கள் என்றார். சும்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அதில் இன்னும் ஒரு காற்புள்ளி இடம் மாறித்தான் இருந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

பரக்கத்திடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆஸ்திரேலியா போகிறவள் மதிய இடைவேளையில் வீட்டுத் தரகரோடு மல்லுக்கட்ட மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியாதா. மூன்று நாளாக என்னிடம் அதிகம் பேச்சுக் கொடுக்கவில்லை, டீ மட்டும் நேரத்துக்கு வந்தது. இன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவளிடமிருந்து செய்தி. எனக்கு ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டும் என்று அவளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

‘மேடம், வீ ஆர் ஹேவிங் அப்ஸ்டேர் போர்ஷன் இன் பாலக்கரை. எம்ப்டி ஒன்லி. யூ கம் அண்ட் சீ டுமாரோ இட்செல்ஃப்.’

கையேட்டில் பாதி இந்த ஒரு செய்தியில் இருக்கிறது. அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தட்டச்சு செய்தவள் இவள்தான். மறுபடி ஒரு தடவை படித்தேன். பிறகு போன் செய்தேன். இந்தத் தடவை கேட்காமல் விடுவதாக இல்லை.

முதலில் புரட்டாசி என்றேன். “எங்களுக்கு ஏது மேடம் புரட்டாசி? நீங்க என்னிக்கு வேணா வாங்க” என்றாள். தனியாள் என்றேன். தெரியும் என்றாள். அவள் மாமியார் ஏதாவது சொல்வார்களா என்றேன். அவர்தான் அனுப்பச் சொன்னாராம். கடைசியாக, நீ எழுதியிருக்கிறாயே ‘வீ’, அது யார் யார் என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. யோசித்துத்தான் சொன்னாள்.

“நீங்க வாடகை குடுப்பீங்க மேடம், அதுவரைக்கும் எங்க வீடு. கீழ ஒரே உலையில சோறு, ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். அப்ப நம்ம வீடு. போதுமா?”

போதும் என்றேன்.  ‘ஹேவிங்’ தப்பு என்பதை நாளைக்கு நேரில் சொல்லிக்கொள்ளலாம்.